அடுத்த வளவுக்கு கிரீன் லைட்

"அன்ரி, எங்களுக்கு கிரீன் லைட் கிடைச்சிட்டுது. திங்கக்கிழமை நிலத்தில தூண் அடிக்கிற பைலிங் மெஷின் வருது."

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு அடுத்த வளவில் மாடி கட்டப்போகும் பொறியியலாளர் இன்று காலை கேற்றடியில் சிரித்தபடி சொன்னார்.

"தம்பி, நீங்கள் கிடங்கு தோண்டினதுக்கே எங்கட சுவரில வெடிப்பு விழுந்திட்டுது. ஆர் குடுத்தது கிரீன் லைட்?"

"எல்லா ஒபீசிலயும் ஓகே அன்ரி. பயப்பிடாதேங்கோ."

கிரீன் லைட் என்ற சொல் ரயில் பாதையில் பிறந்தது. முன்னால் தடையில்லை, நீ வரலாம் என்று ரயில் சாரதிக்குச் சொல்லும் விளக்கு அது.

கடற்கரைக்குத் தண்டவாளம் கடந்து போகிற எங்களுக்கு அதே பச்சையைக் கண்டால் கால் நின்றுவிடும். ரயில் வருகிறது, பிள்ளையின் கையைப் பிடி, விலகி நில் என்றுதான் அதற்கு அர்த்தம். விளக்கு எங்களைப் பார்த்து எரிவதில்லை.

இதை அவரிடமே சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். எங்கள் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"உங்கட கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்குது அன்ரி?"

கட்டிலை மற்றப் பக்கம் நகர்த்திவிட்டேன். ஃபிளாட்டை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று தெரிந்தவர்கள் கீழே கொமென்டில் சொல்லுங்கள்.