பன்னிரண்டு மீன்கள்

புதுக் கண்ணாடியை வந்தவரின் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை ஒருமுறை அழுத்திவிட்டு, கண்ணாடிக்காரர் கேட்கிறார்: "எத்தனை மீன் தெரியுது? நிதானமா எண்ணிச் சொல்லுங்க."

நாற்காலிக்கு நேரே, பத்தடி தள்ளிச் சுவரோரம் மீன்தொட்டி. கண்ணாடிக்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் பார்ப்பது எண்ணுகிறவரின் கண்களை. இமை சுருங்குகிறதா, தலை முன்னால் நீள்கிறதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். பன்னிரண்டு என்று பதில் வந்தால் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். குறைந்தால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

சுவரில் எழுத்துப் பலகையும் தொங்குகிறது. அதன் மேல் அவருக்கு மரியாதை இல்லை. "எழுத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிடுறாங்க சார். ஒருநாள் துடைக்கிறதுக்காகப் பலகைய கழட்டி வச்சிருந்தேன். வெறும் சுவத்தப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் சொன்னார் ஒருத்தர். மீன மனப்பாடம் பண்ணுங்க பார்க்கலாம்!"

வயது ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் மூன்று குட்டி ஸ்க்ரூட்ரைவர்கள். பேச்சின் நடுவே எதிராளியின் கண்ணாடியைக் கேட்காமலே கழற்றித் துடைத்து மாட்டிவிடும் பழக்கம் உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் இதே உபசாரம் நடந்து, சண்டையாகிவிட்டது. ஆனால் பார்வை குறைந்துவிட்டது என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். "கண்ணு கொஞ்சம் சோம்பேறியாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பார்.

தொட்டியும் அதில் இருந்த ஆரஞ்சு மீன்களும் அவர் மனைவியுடையவை. காலையில் தீனி போட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். ஆறு மாதத்துக்கு முன் கணவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, உள்ளே இருந்ததைத் தொட்டியில் விட்டார். கிரேஃபிஷ்ஷாம். பேரில்தான் மீன்; ஆளைப் பார்த்தால் நண்டின் கொடுக்கோடு பிறந்த நீல இறால். "ரொம்ப சாது. கீழ விழுந்த தீனியப் பொறுக்கிட்டுக் கெடக்கும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். சாது வந்த அன்றே தொட்டியின் அடியில் கிடந்த மண்குழாய்க்குள் புகுந்துகொண்டு, எட்டிப் பார்த்த மீன்களையெல்லாம் கொடுக்கை உயர்த்தி விரட்டியது. மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். "என்ன முறுக்கு பாருங்க! நல்ல எடமாப் பிடிச்சுக்கணும், வேளாவேளைக்குச் சாப்பாடு வரணும், யாரும் கிட்டப் போகக்கூடாது."

கண்ணாடிக்காரருக்கு அதன் மேல் உயிர். இரண்டாவது மாதம் அது அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று மனம் உடைந்து, புதைப்பதற்காக எடுத்து ஒரு பழைய கண்ணாடி உறைக்குள் வைத்தார். அப்போது பார்த்தால் குழாய்க்குள் மீசை அசைகிறது. சாகவில்லை, சட்டை உரித்திருக்கிறது. உரித்த ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொடுக்கு, கால், மீசை எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணை மூடியிருந்த மெல்லிய தோல்கூட இருந்தது. அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்த உறை திறக்கப்படுகிறது. "கண்ணு மேல இருக்கிறதக்கூட கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கிறாரு. நம்ம கடைக்கு வரவே வேணாம் இவரு!"

"என்னங்க, தொட்டியில ஆள் குறையுது" என்று மனைவி இரண்டு முறை சொன்னார்.

"செடிக்குப் பின்னாடி இருக்கும்மா."

மனைவி வால் கிழிந்த மீன் ஒன்றைக் காட்டினார். "அதுங்களுக்குள்ள சண்டை போட்டிருக்கும்." மாப்பிள்ளைக்குப் பரிந்து பேசும் மாமனாரிடம் யார் வாதாடுவது?

இந்தச் சமயத்தில்தான் பள்ளி வேன் ஓட்டுநர் வந்தார். பதினாறு வருஷமாக இந்தக் கடைக் கண்ணாடிதான் போடுகிறவர். பழையதில் கம்பி முறிந்துவிட்டதால் புதிதாக ஒன்று போட வந்தார். மாட்டி எண்ணினார். "பதினொண்ணு."

"நல்லாப் பாருங்க தம்பி."

"பதினொண்ணுதாண்ணே."

கண்ணாடிக்காரர் பவரை மாற்றிக் கொடுத்தார். மறுபடி பதினொன்று. இரண்டு நாள் கழித்து மூன்றாம் முறை வந்தபோது பத்து. ஓட்டுநரின் இமை சுருங்கவில்லை, தலை நீளவில்லை. அதுதான் கண்ணாடிக்காரருக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. கஷ்டப்படாமலே தப்பாக எண்ணும் கண்ணில் கோளாறு பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சோம்பேறி என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார்.

டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் அன்று மாலையே வேன் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிட்டார். பத்து நாள் பார்ப்போம், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். "பன்னெண்டு மீன எண்ணத் தெரியாதவன் பத்தொம்பது பிள்ளைங்கள எப்படி எண்ணி எறக்குவான்?" என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் காலை, கம்பியில் நூல் சுற்றிய பழைய கண்ணாடியோடு வந்து, டாக்டரின் சீட்டை மேசையில் வைத்தார். கண்ணில் குறை இல்லை, பழைய பவரே போதும் என்று அதில் இருந்தது.

"டாக்டர் நல்லாருக்குங்கிறார். நீங்க இல்லைங்கிறீங்க. நான் உங்களத்தான் நம்புறேன். வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடவா? இன்னிக்குப் பதில் சொல்லியாகணும்ணே."

யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். "எட்டு" என்றார். "முன்னவிட மோசமாயிடுச்சு."

கல்லாவிலிருந்த மனைவி தீனி டப்பாவைக் கணவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கண்ணாடிக்காரர் தொட்டியின் பக்கம் திரும்பினார். தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டப் போய், ஒரு மீனுக்கு ஒரு விரலாக மடக்கினார். செடியைக் குச்சியால் விலக்கி மறுபடி மடக்கினார். இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன. குழாய் வாசலில் மாப்பிள்ளை ஓர் ஆரஞ்சு வாலைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "தம்பி, எட்டுதான். நீங்க சொன்னது எல்லாமே சரி" என்றார். "ஓடிப்போய்ச் சாவிய வாங்கிக்கங்க."

ஓட்டுநருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். குழாய் ஆடியது, தண்ணீர் கலங்கியது. கையை வெளியே எடுத்தபோது மாப்பிள்ளை ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு தொங்கினார். ரத்தம் தரையில் சொட்டியது. மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடிக்காரர் வாளியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஓட்டுநரின் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை முனையில் துடைத்து, மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் நூல் சுற்றிய கம்பியை மெதுவாக ஒருமுறை அழுத்தினார்.