பாதி திறந்த வால்வு

மரியமலர் லண்டனில் புல்வெளிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பூட்டிக் கொடுப்பவள். ஜெர்மனியில் ஒரு நாற்றுப் பண்ணையில் பழகிய வேலை அது. ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிவந்த பிறகு பழைய வான் வண்டி ஒன்றை வாங்கி, அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டாள். குளிருக்கு முன் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுவதும் வசந்தத்தில் திரும்பத் திறப்பதும்தான் அவளுக்கு ஓய்வில்லாத காலங்கள்.

2009 ஏப்ரலில் வேலையில் மனம் ஒட்டவில்லை. வன்னியில் போருக்குள் அகப்பட்ட அண்ணன் பெனடிக்ற் குடும்பத்தைப் பற்றித் தை மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாலைகளில் வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தக் கேட்ட சனத்தோடு சனமாகப் போய் நின்றாள். பகலில், கைபேசியைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டுதான் எந்த வேலையையும் தொட்டாள்.

அன்று காலை, ஓய்வுபெற்ற தமிழ்நாட்டு டாக்டர் கல்யாணசுந்தரத்தின் ஹாரோ வீடு. பெப்ரவரிப் பனியில், வடியாமல் மிஞ்சிய தண்ணீர் உறைந்து குழாய் எங்காவது வெடித்திருக்குமோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம். நிலத்தடிப் பெட்டிக்குள் இருந்த வால்வை நீண்ட சாவியால் மெல்ல மெல்லத் திருகினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பாதி திறந்திருக்கும்போது கராஜ் சுவரோரம் மண் பொங்கித் தண்ணீர் பீறிட்டு, கதவுக்குக் கீழால் உள்ளே பாய்ந்தது. உள்ளே தரையில் மின்கம்பிகள் கிடந்தன. மெயின் சுவிட்சும் அங்கேதான்.

அவசரமாக வால்வை மூடப் பார்த்தாள். அது இறுகிக்கொண்டது. அந்நேரம் கைபேசி அடித்தது. இலங்கை எண்.

வன்னியிலிருந்து தப்பி முகாம்களுக்கு வந்து, இரவல் போனில் பேசுகிறவர்களைத் திருப்பி அழைக்க முடியாது. சாவியிலிருந்து ஒரு கையை எடுத்தாலும் வால்வு மூடாது.

"டொக்டர், அந்தப் போனை என்ர காதிலை பிடியுங்கோ" என்றாள்.

அவர் ஈர மண்ணில் மண்டியிட்டுப் பிடித்தார்.

"மச்சாள்" என்றது அண்ணன் மனைவி ஜெயகௌரியின் குரல். "நாங்கள் வெளியிலை வந்திட்டம். வவுனியாவிலை முகாமிலை நிக்கிறம்."

"அண்ணை?"

மரியமலர் உடம்பின் பாரம் முழுவதையும் சாவியில் போட்டாள். வால்வு அசைந்தது.

"உயிரோடை இருக்கிறார். ஆசுப்பத்திரியிலை. ஒரு கால் போயிட்டுது."

பிள்ளைகள் தன்னோடுதான் என்று ஜெயகௌரி சொல்லும்போதே தொடர்பு அறுந்தது. தண்ணீர் நின்றிருந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார் டாக்டர்.

"வீட்டை போய் நான் என்ன செய்யிறது?"

டாக்டர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, கராஜ் வாசலிலேயே நின்று தண்ணீரைத் தள்ளினார். அவள் மண்ணைத் தோண்டி, வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாயைப் பொருத்தினாள். இணைப்பு இரண்டு தரம் நழுவியது. திரும்பவும் வால்வைத் திறந்தபோது முன்னைவிட மெதுவாகத் திருகினாள். ஸ்பிரிங்ளர்கள் தலைதூக்கின. வேலியைத் தாண்டி அடித்த ஒன்றைத் திருப்பிவிட்டாள்.

பிறகு வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்ட்ரெதமில் இருக்கும் தங்கை சுசிலாவை அழைத்தாள். அண்ணை இருக்கிறார் என்று முதலில் சொன்னாள். பிள்ளைகளும் ஜெயகௌரியோடுதான் என்றாள். காலைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னாள்.