வண்டி வருதுன்னு சொன்ன அக்கா

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. காரைக்குடி ரயில் நிலையத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினால், நான் போக வேண்டிய ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நினைத்தால் இப்போதும் கூனிக்குறுகிப் போகிறேன்.

நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மானாமதுரைப் பக்கமிருந்து வரும் காலைப் பாசஞ்சர்தான் எனக்கு வாகனம். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு புலம்பல் இருக்கும். ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் எங்கள் வண்டி ஏதாவது ஓர் ஊரில் தேமே என்று நிற்கும். நாம் அரக்கப்பரக்க ஓடிய நாளில் அது ஆடி அசைந்து தாமதமாக வரும். நாம் கொஞ்சம் அசந்த நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து, போயும் விடும். செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். கல்லலில் நிற்கிற வண்டி காரைக்குடியை விட்டுக் கிளம்பிவிட்டதாக அது காட்டிய நாட்கள் உண்டு.

அதனால் சீசன் டிக்கெட்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அட்மின் நான்தான். காரைக்குடிக்கு முந்தின நிலையம் தேவகோட்டை ரோடு. எங்கள் குரூப்பில் அங்கே ஏறுகிறவர் ஒரே ஓர் அக்கா. திருமயத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வண்டி வந்ததும் ‘நம்ம ஊர் தாண்டிருச்சு’ என்று ஒரு வரி போடுவார். அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்து, டிபன் பாக்ஸை மூடி, ஸ்கூட்டியைக் கிளப்பினால் எனக்குச் சரியாக இருக்கும். எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்த ஒரு வரிதான் கடிகாரம்.

ஆனால் அந்த அக்காவோடு பெரிய பழக்கம் கிடையாது. அவர் கடைசிப் பெட்டியில் ஏறுவார். நாங்கள் புதுக்கோட்டையில் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று முதல் பெட்டி. ஆயுத பூஜைக்கு எங்கள் பெட்டியில் தோரணம் கட்டிச் சுண்டல் கொடுப்போம், அப்போது வந்து சிரித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை அந்த வரி வரவில்லை. சரி, வண்டி லேட் போலிருக்கிறது என்று நிதானமாக இன்னொரு தோசை ஊற்றினேன். சந்தேகம் வந்து கிளம்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்து எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது. அவர்களுக்குக் காட்ட வேண்டிய கோப்புகள் எல்லாம் பீரோவில். பீரோ சாவி என் கைப்பையில். பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது பூட்டை உடைத்துவிட்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் முதல்வர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே. வராந்தாவுக்கு வந்து, குரூப்பில் எல்லோரும் கேட்கும்படி குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். “ஏன்க்கா, ஒரு வரி போடுறதுக்குக்கூட உங்களுக்கு வலிக்குதா? உங்களை நம்பி இங்குட்டு நாங்க பொழப்பைக் கெடுத்துக்கிட்டு நிக்கிறோம். முடியலைன்னா எதுக்கு குரூப்புல இருக்கீக?”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘மன்னிச்சுக்கங்கம்மா. இன்னைக்குக் கண்ணசந்துட்டேன்.’

வண்டியில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டாராம்! எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அட்மின் என்கிற அதிகாரம் கையில் இருந்தது. அந்த நிமிடமே அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். நாங்கள் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டீர்கள் என்று இரண்டொருவர் தனியாகப் பாராட்டு வேறு அனுப்பினார்கள். அன்றைக்கு அது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து வண்டி எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் நேரத்தோடு வந்து நடைமேடையில் தவம் கிடந்தார்கள், சிலர் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அந்த அக்காவைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள் என்று குரூப்பில் முணுமுணுப்பு கிளம்பியது. சரி, மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆமாம், மன்னிப்பது நான்! சனிக்கிழமை கடைசிப் பெட்டியில் ஏறி, அவரைக் காணாமல், அங்கே வழக்கமாக வரும் ஒரு நர்ஸம்மாவிடம் விசாரித்தேன்.

“எந்த டீச்சரைக் கேக்குறீக? தேவகோட்டை ரோட்டுல ஏறுவாகளே, அவுகளையா? அவுக வேலையை விட்டு மாசக்கணக்காச்சே. பொங்கலோட நின்னுட்டாக. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சுல்ல. ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. பொங்கலுக்குப் பிறகும் ஒரு நாள் தவறாமல் அந்த வரி வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் தினமும் கிளம்பினேன். அதற்குமேல் என்னால் அந்தப் பெட்டியில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பழம் வாங்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டை ஒட்டிய சின்ன ஓட்டு வீடு. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், “வாங்கம்மா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

சன்னலோரக் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். பேச்சு வராது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போது, அவர் தன் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் படபடவென்று தட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. அக்கா சட்டென்று போனை எடுத்து விரலால் தட்டினார். கணவரைப் பார்த்து, “போட்டாச்சுங்க” என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போனின் திரை எரியவே இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னை அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனார்.

“காலையில அவுகளுக்கு இந்த ஒரு வேலைதான்ம்மா. ரயில்வே கேட்டை மூடுறதுக்கு முன்னாடியே வண்டிச் சத்தம் அவுக காதுக்குக் கேட்டுரும். இத்தனை பேர் நம்மளை நம்பிக் கிளம்புறாகன்னு அவுகளுக்கு ஒரு தெம்பு. அன்னைக்கு ராத்திரி பூரா காய்ச்சல். விடியக்காலத்துல ரெண்டு பேருமே கண்ணசந்துட்டோம். நீங்க பேசினதைக் கொல்லப்பக்கம் போய்த்தான் கேட்டேன். குரூப்புல இருந்து எடுத்ததை அவுககிட்ட நான் சொல்லலை.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். “அட, விடுங்கம்மா. வேலைக்குப் போற அவசரம் எனக்குத் தெரியாதா?” என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அங்கேயே நின்று அவரைக் குரூப்பில் சேர்த்தேன். வண்டி கேட்டைக் கடந்து போகிற சத்தத்திலேயே அக்கா அந்த வரியைப் போட்டார். என் கையிலிருந்த போன் ஒலித்தது. கட்டிலில் இருந்தவர் அந்தச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பாதி முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்க்கும் தகுதி எனக்கு இல்லை என்றுதான் தோன்றியது.

ஊருக்கு முன்னால் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. அன்று மாலையே, திட்டினது போலவே என் குரலில், நடந்ததை எல்லாம் அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு குரூப்பில் சொன்னேன். கேட்ட மற்றவர்களுக்கும் என்னைப் போலவே தலை நிமிரவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போதும் அந்த வரி தினமும் வருகிறது. வாரத்தில் ஒரு நாள் மாலையில் காரைக்குடியைத் தாண்டித் தேவகோட்டை ரோட்டில் இறங்கி, அவர்கள் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். அக்கா எப்போதோ மன்னித்துவிட்டார். ஆனாலும், வண்டி எங்கே வருகிறது என்று அத்தனை மாதம் தவறாமல் பார்த்த எனக்கு, அதைச் சொல்கிறவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்பது ஒவ்வொரு காலையும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.