இன்ஸ்பெக்ஷன் நாள் லீவு

தாம்பரத்தில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் மெட்டில்டா டீச்சர் இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தாள். எழுபதுகளில் அவளோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால், தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்றால் தேறாத பிள்ளைகளுக்கு அன்றைக்கு மட்டும் லீவு கொடுத்து வீட்டோடு இருக்கச் சொல்வது அங்கே எழுதாத சட்டம். அவளுடைய ஏழாம் வகுப்பில் மட்டும் கடைசி பெஞ்சுவரை நிரம்பியிருக்கும். திக்கித் திக்கிப் பேசுகிறவனும் இருப்பான், காது மந்தமானவளும் இருப்பாள். இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளிப்பார், ரிப்போர்ட்டில் ஏதாவது கிறுக்குவார், டீச்சருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறு யாருக்காவது போகும். போகட்டும் என்பாள். அவளுக்கு ரொம்பப் பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். சூடு பட்டவள், அவ்வளவுதான்.

அறுபத்தேழில் அவள் வகுப்பில் லோகு என்று ஒரு பெண் இருந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்கும் அங்காளம்மாவின் மகள், பதின்மூன்று வயசு. முப்பத்தாறை அறுபத்துமூன்று என்று எழுதுவாள். ஒவ்வொரு வகுப்பிலும் வாத்தியார்கள் அடித்துப் பார்த்து, மக்கு என்று பேர் வைத்து, கடைசி பெஞ்சில் தள்ளிவிட்டிருந்தார்கள். மெட்டில்டாவும் முதல் மாதம் இரண்டு அடி வைத்தவள்தான். ஒரு நாள் ஏதோ தோன்றி வாயால் கேட்டாள்.

"ஒரு கூடைக்கு நாற்பத்தெட்டு மீன். பதினேழு கூடை. மொத்தம் எத்தனை?"

லோகு கண்ணை மூடித் திறந்தாள். "எண்ணூத்திப் பதினாறு டீச்சர். அழுவிப்போன மீனைக் கழிக்கணுமா?"

மெட்டில்டாவுக்குப் பெற்ற மகள் முதல் அடி எடுத்துவைத்த மாதிரி சந்தோஷம். மறுநாள் லோகுவின் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, நூல் இருக்கிற பக்கத்திலிருந்து எழுது என்றாள். பாதி பரீட்சையை வாயால் கேட்டே மார்க்கு போட்டாள்.

ஹெட்மாஸ்டர் வில்பிரட்டுக்கு இது பிடிக்கவில்லை. "இது ஸ்கூலா, மீன் மார்க்கெட்டா டீச்சர்? இன்ஸ்பெக்டர் பார்த்து சரின்னு சொல்லட்டும், அந்தப் பெண்ணை எட்டாவதுக்கு ஏத்தறேன். இல்லேன்னா எல்லாத்தையும் நிறுத்திடணும்" என்றார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெட்டில்டா பத்து எண்களைச் சொன்னாள். லோகு போர்டில் எட்டு எண்களைச் சரியாக எழுதினாள். இரண்டு திரும்பிக்கொண்டன. அந்த இரண்டையும் டீச்சர் அவசரமாக அழித்தாள். வருஷா வருஷம் அந்த லீவைத் திட்டிக்கொண்டிருந்தவள், இவளுக்காகத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் வராதேடி. நாளன்னிக்கு வா."

"வாயால கரீக்டா சொல்லுவேன் டீச்சர்."

"போர்டுல எழுதச் சொன்னா என்னடி பண்ணுவே?"

லோகு மணிக்கட்டு நூலைத் திருகிக்கொண்டே போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பாவி மனுஷன், சாக்பீஸைத் தொடக்கூட இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் வாயால்தான் கேட்டார். கடைசி பெஞ்சு பதில் சொன்னதில் அசந்துபோய் ரிப்போர்ட்டில் பாராட்டி எழுதினார். வில்பிரட்டும் சொன்ன சொல் தவறாமல் லோகுவை எட்டாவதுக்கு ஏற்ற ஒப்புக்கொண்டார்.

மறுநாள் லோகு வரவில்லை. கோபமாக இருப்பாள் என்று மெட்டில்டா சிரித்துக்கொண்டாள். பாராட்டு மயக்கத்தில் நாலு நாள் போனது. ஐந்தாம் நாள்தான் மார்க்கெட்டுக்குப் போனாள்.

அங்காளம்மா கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். "நீதானே டீச்சரம்மா வர வேணாம்னு சொன்னே? 'ஒரு நாளுதான்மா'ன்னு அது சொல்லிச்சு. நான் நம்பலை. எல்லா வாத்தியாரும் தொரத்தனப்பகூட, உன்னிய நம்பித்தான் அனுப்பிகினு இருந்தேன். நீயே வேணாம்னா அப்பால இன்னா கீது? கோவளத்துல அத்தை வூட்டுக்கு அனுப்பிச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல், பஸ் மாறி மாறிக் கோவளம் போய்ச் சேர்ந்தாள் மெட்டில்டா. லோகு மணலில் உட்கார்ந்து மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கையில் அந்த நூல் இன்னும் இருந்தது, உப்பேறிக் கறுத்து. எட்டாவதுக்கு ஏற்றியாயிற்று, வாடி போகலாம் என்று டீச்சர் கெஞ்சினாள். லோகு குடிசை வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தை முடியாது என்று தலையசைத்தாள்.

"இன்ஸ்பெக்ஷன்ல நீங்க பாஸாயிட்டீங்களா டீச்சர்?"

"ஆயிட்டேன்டி."

"அவரு போர்டுல எழுதச் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். 

"இல்ல. வாயாலதான் கேட்டார்."

லோகு சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.