பொட்டலமும் டம்பும்

பேருந்து நிறுவனத்தின் தாய்ச்சுங் நகரக் கணினி அறையில் சூ-லியெனுக்கு இது முப்பதாவது வருடம். படிப்பைப் பாதியில் விட்டு, டேப் மாற்றும் வேலைக்கு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் யார் என்ன கட்டளை தட்டினாலும் அவள் கண் அங்கே இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு ஊர் போகிறவர்களின் டிக்கெட் முன்பதிவு தொடங்கிய காலையில் யூனிக்ஸ் இயந்திரம் செயலிழந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து அவள் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். பச்சைப் பொரிப் பொட்டலம் மேலே இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அங்கே நம்பிக்கை. பச்சை தீர்ந்துவிட்டதென்று மேலாளர் கே மஞ்சள் பொரிப் பொட்டலத்தை வாங்கி இயந்திரத்தின் தலையில் வைத்திருந்தார். மஞ்சளை வைத்தால் இயக்கத்தைக் காட்டும் பச்சை விளக்கு எப்படி எரியும்? அதை எடுத்துவிட்டு, தான் வாங்கி வந்த பச்சையை வைக்கப் போனாள். விளக்கே அணைந்துவிட்டது.

"பவர் கேபிள்ல கை பட்டிருக்கு. ஒத்துக்கோங்க," என்றார் கே.

"இல்ல மேனேஜர்."

இயந்திரம் திரும்ப எழுந்ததும் பொறியாளர் ஷெங் தேடிப் பார்த்தான். "கிராஷ் கோப்புறை காலியா இருக்கு. தானா விழுந்திருந்தா, விழுந்த நொடியில நினைவகத்துல இருந்ததை டம்பா எழுதி வச்சிருக்கும். பவர் போனாத்தான் எழுத நேரம் இருக்காது."

"அப்புறம் என்ன? நாளைலேருந்து நீங்க வரவேண்டாம் சூ-லியென். ஷெங், டிக்கெட் சர்வீஸைத் தொற. கவுண்டர்ல கத்துறாங்க."

ஷெங்கின் விரல் விசைக்குப் போனது. சூ-லியெனுக்கு நினைவு வந்தது. போன வருடம் டிஸ்க் நிரம்பியபோது, டம்பைக் கோப்புறைக்கு எடுத்து வைப்பதை நிறுத்தச் சொன்னவர் இதே கே. அன்றிலிருந்து டம்ப், டிஸ்கில் ஸ்வாப் என்ற தற்காலிக இடத்திலேயே கிடக்கும். சர்வீஸ் ஓடினால் நினைவகம் நிரம்பும், ஸ்வாப்பின் மேல் எழுதும், எல்லாம் அழியும்.

"தொறக்காத!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

"என்னக்கா?"

"டம்பை எங்க வைக்குதுன்னு மெஷின்கிட்டயே கேளு."

ஷெங் தட்டினான். திரையைப் பார்த்து நாக்கைக் கடித்தான். "எடுத்து வைக்கிறது அணைஞ்சிருக்கு. ஸ்வாப்லதான் இருக்கணும்."

"நாமளே கட்டளை குடுத்து எடுக்கலாம். ரெண்டாவது டிஸ்க்ல இடம் இருக்கு."

"டேப் மாத்துறவங்க பாடம் நடத்துறாங்களா?" கே கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

நகல் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு சதவீதம். நாற்பது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. எழுபத்தொன்றில் எண் நின்றது. அவள் கையில் பச்சைப் பொட்டலம் நொறுங்கியது. எண்பது. தொண்ணூறு. நூறு.

"விழுந்த நேரம் இன்னிக்குக் காலை ஒன்பது ஐம்பத்தெட்டு," ஷெங் மெல்லப் படித்தான். "டிஸ்க் டிரைவர் புரோகிராம்தான் கவுத்திருக்கு. பவர் போகவே இல்ல மேனேஜர்."

கே அந்த வரியைத் தானே படித்துப் பார்த்தார். "சர்வீஸைத் தொற," என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க சூ-லியென்."

"எப்பவும் ஏழுக்கே வந்துடுவேன்."

கசங்கிய பொட்டலத்தை அவள் இயந்திரத்தின் தலையில் வைத்தாள்.

"நொறுங்கினதை வைக்கலாமாக்கா?"

"பச்சையாத்தானே இருக்கு."