கிண்ணத்தில் முச்சந்திச் சோறு

கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த புதிதில், ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த சோற்றைப் பார்த்து நான் போட்ட கூச்சலில், எங்கள் கடைக்கு அடுத்த கடை பாய் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தாராம். கையில் கம்போடு வாசலில் நின்று, "எங்கம்மா கெடக்கு? எந்தப் பக்கம் போச்சு?" என்றார். விரலை நீட்டிக் காட்டினேன்.

நீலக் கோடு போட்ட பீங்கான் கிண்ணம். அதில் ஆவி பறக்கிற வெள்ளைச் சோறு. சோற்றின் நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் உடைத்து ஊற்றிய பச்சை முட்டை, மஞ்சள் கரு உடையாமல், என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பாய் அதை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அடுப்படியில் இன்னொரு கிண்ணத்தோடு விழித்துக்கொண்டு நின்றார். "என்ன புள்ள, முட்டை ஆகாதா உனக்கு?" என்றார். புதுப் பெண்டாட்டிக்குத் தன் கையால் செய்து கொடுத்துச் சந்தோஷப்படுத்த வந்த மனுஷர். அது எனக்கு அப்போது தெரியுமா? "யாருக்குக் கழிச்சீங்க இதை? எனக்கா?" என்று கேட்டேன்.

எங்கள் ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கத்தில், கொய்யாத் தோப்பு நிறைந்த ஊர். அங்கே வெள்ளைச் சோற்றின் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்ற ஒரே ஒரு காரணம்தான் உண்டு. யாருக்காவது தீராத காய்ச்சலோ, பயந்த கோளாறோ இருந்தால், விளக்கு வைக்கிற நேரத்தில் புதுச் சட்டியில் சோறு போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, நோயாளியின் தலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அதுதான் கழிப்புச் சோறு. நோய் அந்தச் சோற்றோடு போய்விடும். அதை யார் மிதிக்கிறார்களோ அவர்கள் மேல் ஏறிக்கொள்ளும். நாய்கூட அதை மோந்து பார்த்துவிட்டு விலகித்தான் போகும் என்பார்கள்.

என் தங்கை அதை மிதித்தாள். நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு முதலில் வந்தது, கண் திறக்காமல் கிடந்து எப்படியோ எழுந்துவிட்டேன். நான் எழுந்து உட்கார்ந்த அன்று விடியற்காலையில் அவள் தோப்புக்கு ஓடினாள், விழுந்து கிடக்கிற பழத்தை அணில் தின்பதற்குள் பொறுக்கிவர. போகிற வழியில் முச்சந்திச் சோற்றில் காலை வைத்துவிட்டாள். பாதத்தில் மஞ்சள் கரு ஒட்டியபடி வந்து நின்று, "வழுவழுன்னு இருந்துச்சுக்கா" என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அம்மா காலையில் வாசல் தெளிக்கும்போதெல்லாம் முச்சந்திப் பக்கம் பார்த்துத் திட்டுவாள். "எவன் வச்சானோ அவன் கை வெளங்காமப் போக. எவன் புள்ளையக் காப்பாத்த எம் புள்ளையக் கொன்னானோ அவன் குடும்பம் நாசமாப் போக." ஒரு நாள் தவறாது. வாய்க்கு வந்த சாபமெல்லாம் கொடுப்பாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, தலை நிமிராமல் கொய்யாக் கூடைக்கு வைக்கோல் திணித்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள் முன்னால்தான் அந்தக் கிண்ணத்தை வைத்தார் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். தாய் தகப்பன் இல்லை. ஜப்பானில் கோபே துறைமுகத்தில் துணி வியாபாரி ஒருவரின் கிடங்கில் பல வருஷம் சோலி பார்த்தவர். ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு வெகு முன்னாலேயே கப்பலேறி வந்து, கொடைக்கானல் பஜாரில் முட்டையும் உருளைக்கிழங்கும் பூண்டும் விற்கிற கடை வைத்தார். கீழே மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவி ஊர்க்காரர்கள் வைக்கோல் கூடையில் முட்டை அடுக்கித் தலையில் சுமந்து ஏறி வருவார்கள். பங்களா பட்லர்கள் வந்து வாங்கிப்போவார்கள். நல்ல வியாபாரம், குடி கிடையாது, சத்தம் போட்டுப் பேசவே மாட்டார் என்று தரகர் சொன்னார். மனுஷர் காலையில் என்ன தின்பார் என்று எந்தத் தரகர் சொல்வார்?

அன்றைக்கு நான் அழுத அழுகையில் என் கிண்ணத்தை அவர் எடுத்துக்கொண்டு போனார். கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. உப்பும் மிளகுத்தூளும் போட்டு, இரண்டு மூங்கில் குச்சியால் நுரை வரும்வரை அடித்துக் கலக்கினார். வெள்ளைச் சோறு முழுக்க மஞ்சளாகிப்போனது. கிண்ணத்தை வாயருகே தூக்கி, குச்சியால் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டார். முதலில் தன் பங்கு, பிறகு என் பங்கு. நான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் இந்த ஆள் விழுந்துவிடுவார், தாலி கழுத்தில் ஏறிய சூட்டோடு இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அவரோ ஏப்பம் விட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

"ஜப்பான்ல பெரிய மனுசன்ல இருந்து மூட்டை தூக்குறவன் வரைக்கும் காலையில இதுதான் புள்ள" என்று மறுநாள் சமாதானம் சொன்னார். "இந்தக் குளிருக்குச் சூடாக் கையில புடிச்சித் தின்னாத் தெரியும்." எனக்குத் தெரியவேண்டாம் என்றேன். நான் சோறு வடித்தால், "கஞ்சிய வடிக்காத, தண்ணியளந்து வச்சி வத்தவிடு, அப்பதான் முட்டை ஒட்டும்" என்பார். நான் வேண்டுமென்றே வடிப்பேன். அவர் கிண்ணத்தை நான் தொடமாட்டேன். அவரே சாம்பல் போட்டுக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பார்.

பச்சைதான் பயம் என்று எண்ணி, ஒருநாள் வேறு மாதிரி செய்தார். வெங்காயத்தை நீளநீளமாக அரிந்து, கொஞ்சம் தண்ணீரில் உப்பும் ஒரு துண்டு வெல்லமும் போட்டு வேகவிட்டார். முட்டைக்கு வெல்லமா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வெங்காயம் வெந்ததும் அடித்த முட்டையைச் சுற்றிலும் ஊற்றி மூடினார். மனதுக்குள் ஒரு பாட்டைப் பாதி பாடுகிற நேரம்கூட இருக்காது, மூடியைத் திறந்து, பாதி கட்டியும் பாதி குழைவுமாக அப்படியே சோற்றின் மேல் சரித்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளவே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சோற்றின் மேல் முட்டை தளதளவென்று கிடந்ததைப் பார்த்ததும் தங்கையின் பாதம்தான் கண்ணுக்கு வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

இனி இந்த வீட்டில் இருக்கமுடியாது என்று அன்றே முடிவு செய்தேன். வாழாவெட்டி என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். தினம் விடிந்தால் கழிப்புச் சோற்றின் முகத்தில் விழிப்பதற்கு அது மேல். பாய் சரக்கெடுக்கப் பழனிக்குப் போகிறவர். "பாய், ஆயக்குடியில எங்க அப்பாவப் பாத்து, மாப்ளை வீட்டுக்குள்ளயே கழிப்புச் சோறு வைக்கிறாரு, வெரசா வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன். பாய் தாடியைத் தடவினார். "மாப்ளை முட்டை திங்கிறாருன்னு சொல்றேம்மா. மத்ததெல்லாம் நீயே சொல்லிக்க" என்றார். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரமே அப்பா வந்துவிட்டார். வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வந்து, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, முகம் வெளுத்து இறங்கினார். கையில் கொய்யாக் கூடை மட்டும் கசங்காமல் இருந்தது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "துணிய எடுத்து வை தாயி" என்றார். நான் முன்னமே மூட்டை கட்டி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "மாமா, கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. நான் என்ன தப்புச் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"எங்க மாப்ளே அந்தச் சோறு?" என்றார் அப்பா. "நான் கண்ணால பாக்கணும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் காலில் விழுந்திருப்பார்கள், இல்லை சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர் நேரே அடுப்படிக்குப் போனார். உலை வைத்து, சோறு பொங்கி, வடிக்காமல் இறக்கி, நீலக் கோட்டுக் கிண்ணத்தில் போட்டுக் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அப்பா இதைக் காலால் எட்டி உதைக்கப்போகிறார், கிண்ணம் சுவரில் மோதி உடையப்போகிறது என்று காத்திருந்தேன்.

அப்பா உதைக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த மஞ்சள் கருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "இதைத் தின்னா என்ன ஆகும் மாப்ளே?"

"பசி அடங்கும் மாமா."

"காய்ச்சல் வராதா?"

"இத்தன வருசமாத் திங்கிறேன். ஒரு தலவலி வந்ததில்ல."

அப்பாவின் கை கிண்ணத்தின் மேல் வந்து நின்றது. என் பக்கம் திரும்பாமலே பேசினார். "அன்னிக்கு முச்சந்தியில கெடந்த சோறு ஊரான் வச்சது இல்ல தாயி. நாந்தான் வச்சேன்."

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"உனக்குத்தான் கழிச்சேன். கண்ணு தொறக்காமக் கெடந்த. உங்க அம்மா வேண்டுதலுக்குப் பழனி மலைக்குப் போயிருந்தா. வெளக்கு வைக்கிற நேரத்துல கொண்டுபோயி வச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன். விடிஞ்சா நீ எந்திரிச்சி உக்காந்திருக்க. சின்னது அதை மிதிச்சிட்டு வந்து சிரிக்கிது." கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க அம்மா தெனமும் வாசல்ல நின்னு யாரை வையிறான்னு அவளுக்கே தெரியாது."

இத்தனை வருஷமும் அந்தச் சாபத்தை உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா விரலால் கருவை உடைத்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வாயில் போட்டார். பிறகு நிறுத்தவில்லை. மீசையில் மஞ்சள் வழிய, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் சொம்போடு நின்றார். "வெறுஞ்சோறுதானே மாப்ளே?" என்று அப்பா கேட்டார். "வெறுஞ்சோறுதான் மாமா" என்றார் இவர். அப்பா மறுபடி கேட்டார். இவர் மறுபடி சொன்னார்.

அன்று கிளம்பவில்லை. கிளம்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா அடுப்புப் பக்கமாகப் படுத்துக்கொண்டார். வெள்ளனே நான் எழுந்து வந்தபோது எனக்கு முன்பே விழித்து உட்கார்ந்திருந்தார். "நெத்தியத் தொட்டுப் பாரு தாயி. சுடுதா?" என்றார்.

தொட்டேன். கொடைக்கானல் காலைக் குளிரில் அவர் நெற்றி சில்லென்று இருந்தது. "சுடலப்பா" என்றேன். என் கையை நெற்றியிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். "அப்ப அந்தச் சோறு இல்ல தாயி. நான் கொல்லல" என்றார். அப்பா சிரித்து நான் பார்த்தது தங்கை போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

என் கை அவர் நெற்றியில் இருக்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சோறு இல்லையென்றால் அவளுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? அந்த ஐப்பசி முழுக்க நானும் அவளும் ஒரே பாயில், ஒரே போர்வைக்குள்தான் படுத்திருந்தோம். அனலாகக் கொதித்த என் உடம்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

அப்பா அதை யோசிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. "இன்னொரு கிண்ணம் குடு தாயி, பஸ்ஸுக்கு முன்னாடி தின்னுட்டுப் போறேன்" என்றார். நான் மூட்டையை அவிழ்த்துத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, உலை வைத்து, கஞ்சி வடிக்காமல் சோற்றை இறக்கி, முட்டையை என் கையாலேயே உடைத்து ஊற்றினேன்.