பூவாயிக்கு நான் செய்த திருத்தம்

மாரிமுத்து இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சு வேலையாக வந்தது. ஹட்டனில் நான் புரூப் பார்க்கும் அச்சகத்துக்கு அவருடைய மைத்துனர் வந்து, கருமாதிப் பத்திரிகைக்கான தாளை மேசையில் வைத்தார். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். "நெஞ்சுச் சளிங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். அந்தத் தாளையும் நான்தான் பிழை பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று முறை பார்த்தேன். அந்தக் கவனம் எட்டு வருஷத்துக்கு முன்பே எனக்கு இருந்திருக்க வேண்டும்.

மாரிமுத்துவை அறிந்தவர்களுக்கு அவர் வாசிப்புப் பைத்தியம் தெரியும். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சென்னையிலிருந்து வரும் பத்திரிகைகளை மாதம் பிந்தியாவது வாங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து தொடர்கதை படிப்பார். கொழுந்தெடுக்கும் பெண்கள் பேன் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அவர் மனைவி காமாட்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் போன வாரம் கதை எந்த இடத்தில் நின்றது என்பதை அவள்தான் எடுத்துக்கொடுப்பாள்.

பிடித்த எழுத்தாளர்களோடுதான் அவருக்குச் சண்டை அதிகம். ஒருமுறை அச்சகத்துக்கு வந்தவர், ஏதோ ஒரு கதாநாயகியைக் கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் தள்ளிவிட்டார்கள் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார், நானே தள்ளியதைப் போல. "கதையில செத்தவ எங்க லயத்துல நாலு நாளைக்குப் பொணமாக் கெடக்குறா, ஐயா. எழுதுனவருக்கு அது தெரியாது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் தாமே ஒரு நாவல் எழுதினார். கதாநாயகி பூவாயி கொழுந்துக்காரி. அவள் சாகமாட்டாள், அதற்காகவே எழுதியது. பூவாயி யாரென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காமாட்சியின் நடை, காமாட்சியின் வாய். பத்திரிகைகள் எவையும் பதில் போடாததால் சொந்தச் செலவில் அச்சடிக்க எங்களிடம் வந்தார். கூட வந்த காமாட்சியின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. "எம் பொண்டாட்டி கதைங்க. பாத்துப் போடுங்க" என்றார்.

நான் யாழ்ப்பாணத்தான். இலக்கணம் படித்தவன் என்ற கர்வம் உண்டு. கதையில் ஒரு மாலை, பூவாயி வேலை முடிந்து வந்து, "இன்னிக்கும் எனக்கு அரைப்பேருதான்" என்று அலுத்துக்கொள்கிறாள். ஆளில் அரை ஏது? கைப்பிழை என்று நினைத்தேன். வீட்டில் இருப்பவர்களைச் சொல்கிறாளாக்கும் என்று, 'ஆறு பேருதான்' என்று திருத்தினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம்தான் போடுவார், அதற்கு மலையில் பெயர் அரைப்பேர் என்பது, இத்தனை வருஷம் இங்கே சோறு தின்ற எனக்குத் தெரியாது.

புத்தகம் தோட்டத்துக்குப் போன அன்றே யாரோ அந்த வரியை உரக்கப் படித்திருக்கிறார்கள். மறுநாள் மலையில் காமாட்சியைப் பார்த்து, "என்னடி, ஒனக்கு ஆறு பேராமே?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். மாரிமுத்து பஸ் பிடித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாருங்க மாத்துனது?" என்றார்.

"எழுத்துக் கோக்கிறவன் விட்ட பிழை" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் நம்பினார். மிச்சப் பிரதிகளையெல்லாம் வாங்கிப் போய், ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்துத் திருத்தினார். பிறகு ஒருவரும் வாங்கவில்லை. லயத்து வாசல் வாசிப்பும் நின்றுபோனது. இந்த வருஷம் தைப்பொங்கலுக்கு முன் கடைவீதியில் பார்த்தேன். இப்போது ஏதாவது எழுதுகிறீரா என்று கேட்டேன். "எழுதி என்னங்க. எழுதுனா நீங்கதான் புரூப் பாக்கணும். மத்தவங்கள நம்ப முடியாது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கருமாதிக்குப் போனேன். காமாட்சியிடம், "அந்தச் சொல்லை மாத்தினது நான்தான் அம்மா. அவர் சரியாகத்தான் எழுதினார்" என்றேன். அவள் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய புத்தகம் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. அவள் சொன்னதுதான் இருக்கிறது. இனி சாகும்வரை இருக்கும்.

"அச்சுல தப்புன்னு அவரும் சாமி மேல சத்தியம் பண்ணுனாருங்க. எட்டு வருஷமா நான் நம்பல."